உங்கள் ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட்? வடசென்னையில் புதிதாகச் சுட வருகிறவர்களுக்கு

ஏர் ரைஃபிள் வாங்கிய எல்லோரும் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: எந்த பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக்குண்டு) நல்ல பெல்லட்? கடைக்காரர் ஒரு பெயர் சொல்வார். ரேஞ்சில் பக்கத்து லேனில் நிற்பவர் வேறு பெயர் சொல்வார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், அவரவர் ரைஃபிளின் பாரலைப் (குழலைப்) பொறுத்தவரை. கேரம் ஆடுகிறவர் ஊரிலேயே விலை உயர்ந்த ஸ்ட்ரைக்கரைத் தேடமாட்டார், தன் விரலுக்குப் பழகியதைத்தான் எடுப்பார். பெல்லட் விஷயமும் அப்படித்தான். ஒரே நிறுவனம், ஒரே மாடல், அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட இரண்டு ரைஃபிள்கள்கூட வெவ்வேறு பெல்லட் டின்களைக் கேட்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே பேசிவிடலாம். அமெரிக்காக்காரர்கள் கரிமருந்துத் தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சுடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நாமளும் அப்டி செய்யலாமாண்ணா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். 1873-ல் அந்நாட்டு ராணுவத்துக்கு வந்த 45-70 தோட்டாவை இன்றும் மருந்து அளந்து, ஈயக்குண்டு வார்த்து, ஒவ்வொன்றாக நிரப்பி, தூரத்து டார்கெட்டில் குரூப் (ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் விழும் கூட்டம்) போடுகிறார்கள். பார்க்க அழகான கலைதான். ஆனால் நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒழுங்கை மட்டும்தான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது, பாரலின் அழுக்கு நிலையை ஒரே மாதிரி வைத்திருப்பது. பெல்லட் தேடவும் இது அப்படியே பொருந்தும்.

சட்டமும் இடமும்

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமலும் சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. கடையில் அடையாள அட்டை நகல் கேட்பார்கள், கொடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்தி, அதன் நகல் ஒன்றை ரைஃபிள் பையிலேயே போட்டு வையுங்கள். ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்டையார்பேட்டை மார்க்கெட் வழியாக நடக்காதீர்கள். பூட்டிய பை, உள்ளே பெல்லட் ஏற்றாத ரைஃபிள், தனி டப்பாவில் பெல்லட். வழியில் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் பில்லும் கிளப் அட்டையும் பாதிப் பேச்சைக் குறைத்துவிடும்.

சோதனைக்கு நல்ல இடம் ரேஞ்ச். அடுத்தது, குறுக்கே யாரும் வர முடியாத நீண்ட கூடம் அல்லது பூட்டிய குடோன். மொட்டை மாடியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் மாடிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு மாடியில் துணி காயப்போடுவார்கள், அடுத்ததில் பட்டம் விடுவார்கள், அதற்கடுத்ததில் பந்தயப் புறாக் கூண்டு இருக்கும். தவறிப்போன ஒரு பெல்லட் கண்ணைப் பறிக்கும். புறா மேல் பட்டால் சண்டை தெரு முழுக்கப் பரவும், வழக்கும் சேரும். போதாக்குறைக்குக் காற்று வேறு. அரை கிராம் ஈயத்தைக் கடற்காற்று 10 மீட்டருக்குள்ளேயே சில மில்லிமீட்டர் தள்ளிவிடும். அந்தத் தள்ளலில் பெல்லட்டின் குணம் எது, காற்றின் வேலை எது என்று பிரிக்கவே முடியாது.

வீட்டுக்குள் சுடுவதாக இருந்தால் பெல்லட் பெட்டி அவசியம். பின்புறம் 3 மி.மீ.க்குக் குறையாத இரும்புத் தகடு. அதை நேராக நிறுத்தாமல், மேல் விளிம்பு உங்கள் பக்கம் வருமாறு 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அப்போது ஈயம் கீழ்நோக்கித் தெறித்து பெட்டியிலேயே விழும். முன்னால் பழைய துணியையோ கட்டிய செய்தித்தாளையோ அடைத்தால் சத்தமும் குறையும். வெறும் பலகை, டயர், சுவர் ஆகியவற்றை நோக்கிச் சுடாதீர்கள், பெல்லட் திரும்பி வரும். சுடுகிறவர், பக்கத்தில் நிற்பவர் இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

தூரத்தை டேப் வைத்து அளந்து தரையில் கோடு போடுங்கள். சுடும் கோட்டிலிருந்து டார்கெட் தாள் வரை 10 மீட்டர்.

டார்கெட் என்ன கேட்கிறது

உலகப் போட்டி டார்கெட்டில் 10-ஆம் வளையம் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளிதான். 9-ஆம் வளையம் 5.5 மி.மீ. ஒன்றாம் வளையம் 45.5 மி.மீ. வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. தூரம். பெல்லட்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே 10 கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். மின்னணு டார்கெட்டில் 10.0 முதல் 10.9 வரை பிரித்துப் போடுவார்கள். அப்போது ஒவ்வொரு 0.1-க்கும் 0.25 மி.மீ.

இந்தக் கணக்கை ஏன் போட்டோம் என்றால், ரைஃபிளும் பெல்லட்டும் சேர்ந்து போடும் குரூப் மையத்துக்கு மையம் 5 மி.மீ.க்குள் அடங்கினால், கருவியால் உங்களுக்கு 9 விழாது. அதன்பின் விழுகிற 9 எல்லாம் உங்கள் கையும் மூச்சும் போடுபவை. நல்ல மேட்ச் (போட்டி) ரைஃபிளோடு வரும் சோதனை அட்டையில் 5 குண்டும் சற்றே பெருத்த ஒரே ஓட்டையாகத் தெரியும். பீஜிங்கில் 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்கள் வாங்கியதும் இதில்தான். அந்த மட்டத்தில் பெல்லட் தேர்வு 0.1-க்கான சண்டை. உங்களுக்கும் எனக்கும் இப்போதைக்கு அது 9-க்கும் 10-க்குமான சண்டை.

ரைஃபிளை முதலில் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

லூசான திருகோடு பெல்லட் சோதனை செய்வது வீண் செலவு. ஸ்டாக் (கட்டை) திருகு, சைட் (குறி) திருகு, ஸ்கோப் இருந்தால் அதன் மவுன்ட் என எல்லாவற்றையும் சரியான ஆலன் கீயால் இறுக்கிப் பாருங்கள். குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் ரைஃபிளில் ஒவ்வொரு அமர்வுக்கும் முன் பார்க்க வேண்டும், ஸ்பிரிங்கின் அதிர்ச்சியில் திருகுகள் தானாகவே தளரும்.

பாரலுக்குள் ஃபெல்ட் துண்டுகளை விட்டுத் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். எண்ணெய் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கை தாராளம்: தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்பிரே என்று கிடைத்ததையெல்லாம் குழாய்க்குள் விடுகிறார்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அந்த எண்ணெய் அழுத்த அறைக்குள் இறங்கினால், காற்று அழுந்தும் சூட்டில் பற்றிக்கொள்ளும். படார் என்று சத்தம், மூக்கில் புகை வாடை, குண்டுக்குக் குண்டு வேகம் மாறும், காற்று கசியாமல் அடைக்கும் சீலும் கெடும். எண்ணெய் கீல் மூட்டுக்கு ஒரு சொட்டு, வெளிப்பரப்புக்கு ஒரு துடைப்பு. அவ்வளவே.

வெளிப்பரப்பைத் துடைப்பதை மட்டும் விடாதீர்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஜன்னல் கம்பியே உப்புக்காற்றில் செதில் செதிலாக உரிகிறது, ரைஃபிளை அது விட்டு வைக்குமா? சுட்டு முடித்ததும் வியர்வைக் கை பட்ட இடமெல்லாம் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள்.

காற்று நிரப்பும் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் சோதனை முழுவதையும் ஒரே அழுத்த எல்லைக்குள் முடிக்கப் பாருங்கள். அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இல்லாத ரைஃபிளில் அழுத்தம் இறங்க இறங்க வேகமும் மாறும். கைப்பம்பு உபயோகித்தால் நம் ஊர் ஈரக்காற்று அத்தனையும் பம்புக்குள் வரும். நடுநடுவே நிறுத்தி, ஆறவிட்டு, ஈரத்தை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் ஆயுள் தேதியையும் ஒரு தரம் பாருங்கள். பல ஐரோப்பிய மேட்ச் ரைஃபிள்களின் அலுமினியச் சிலிண்டருக்கு 10 ஆண்டுதான் கெடு. தேதி முடிந்ததை "நல்லாதான் கீது" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

என்னென்ன வாங்குவது

10 மீட்டருக்குத் தட்டை மூக்கு பெல்லட்தான். காகிதத்தைப் பஞ்ச் போட்டதுபோல வட்டமாக வெட்டும், ஓட்டையை அளப்பது எளிது. கூர்மூக்கும் குமிழ்மூக்கும் காகிதத்தைக் கிழிக்கும். ரைஃபிளுக்கான மேட்ச் பெல்லட் பெரும்பாலும் 0.53 கிராமை ஒட்டி இருக்கும். டின் மூடியில் தலை விட்டம் போட்டிருப்பார்கள்: 4.49, 4.50, 4.51 என்று. இந்த நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைத்தான் பாரல் கண்டுபிடிக்கிறது.

மூன்று டின் போதும், நான்கு இருந்தால் வசதி. ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. போன்ற நிறுவனங்களில் இரண்டை எடுங்கள். அதில் ஒன்றை இரண்டு தலை விட்டங்களில் வாங்குங்கள். நான்காவதாக, தினசரிப் பயிற்சிக்குக் கட்டுப்படியாகும் உள்ளூர் டின் ஒன்று. பட்ஜெட் இடிக்கிறதா? ரேஞ்சில் நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு டின் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். டின்னின் அடியில் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) இருக்கும், அதை முதல் வேலையாக நோட்டில் எழுதுங்கள். பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் குரூப் மாறலாம்.

டின்னை வீடு கொண்டுவருவதும் ஒரு வேலைதான். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பள்ளத்துக்குப் பள்ளம் பைக்கில் குதித்து வந்தால், மென்மையான ஈயம் ஒன்றோடொன்று மோதிப் பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) நசுங்கும். மூடிக்குக் கீழே ஒரு வட்டம் ஸ்பாஞ்ச் வெட்டி வைத்து, பெல்லட் குலுங்காதபடி மூடி, டேப் ஒட்டுங்கள்.

சுடுவதற்கு முன் ஒவ்வொரு பெல்லட்டையும் விரலிடையில் பிடித்து, பின்பக்கத்தை டியூப்லைட் நோக்கித் திருப்பிப் பாருங்கள். பாவாடையின் விளிம்பு முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிழல் வளைந்து தெரிந்தால் அது நசுங்கியது. வெண்மாவு பூத்ததும் சிறு ஈயப்பிசிறு ஒட்டியதும் தனி டப்பாவுக்கு. அவை சைட் சரிபார்க்க உதவும், அளவெடுக்க உதவாது.

எடை போட்டுப் பிரிக்க வேண்டுமா?

சவுகார்பேட்டையில் நகைக்கடைத் தராசு கிடைக்கிறது, ஒரு மில்லிகிராம் வரை காட்டும். வாங்கியவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து பெல்லட் எடை போடுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். மேட்ச் ரைஃபிளில் பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 10 மீட்டரைக் கடக்க 0.06 விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புவியீர்ப்பில் சுமார் 18 மி.மீ. இறங்குகிறது. வேகம் 1 சதவீதம் மாறினால் இறக்கம் 2 சதவீதம் மாறும், அதாவது 0.36 மி.மீ. எடையில் 1 சதவீதம், அதாவது 5 மில்லிகிராம் கூடினால் வேகம் ஏறக்குறைய அரை சதவீதம்தான் குறையும். டார்கெட்டில் 0.2 மி.மீ.கூட வராது. மேட்ச் டின்னில் பெல்லட்டுகள் பெரும்பாலும் அதைவிட நெருக்கமாகவே இருக்கும். மலிவான டின்னில் எடை கண்டபடி அலைந்தால் பிரிப்பதில் பலன் உண்டு. மற்றபடி அந்த நேரத்தை பாவாடை பார்ப்பதிலும் டிரிகர் பயிற்சியிலும் செலவிடுங்கள்.

சுடும் முறை

உங்களை முடிந்தவரை கணக்கிலிருந்து விலக்க வேண்டும். நின்று சுட்டு பெல்லட் சோதிக்க முடியாது. மேசை, ஆடாத நாற்காலி, மணல் மூட்டை. பழைய ஜீன்ஸ் கால் துண்டில் மணல் நிரப்பித் தைத்தால் போதும். காற்று நிரப்பும் ரைஃபிளை நேரே மூட்டை மேல் வைக்கலாம். ஸ்பிரிங் ரைஃபிளை அப்படி வைத்தால் துள்ளும். உள்ளங்கையை மூட்டை மேல் விரித்து, அதன்மேல் ரைஃபிளைப் பிடிக்காமல் கிடத்துங்கள். தோளிலும் லேசாகத்தான் படவேண்டும், ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளங்கை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அங்குலம் முன்னே பின்னே போனால் குரூப்பே இடம் மாறும்.

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஏப்ரல் மாதத்தில் இது கொடுமைதான், தெரியும். அதனால் காலை 6 மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

டார்கெட் தாளுக்குப் பின்னால் கெட்டியான சார்ட் அட்டை வையுங்கள், ஓட்டை சுத்தமாக விழும். பெல்லட் மாற்றும்போதெல்லாம் முதல் 5 முதல் 10 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் ஈயக்கலவையும் மேல்பூச்சும் வேறு, பாரல் புதியதற்குப் பழக வேண்டும். பாரல் துடைத்த பிறகும் இதே விதி.

பிறகு 5 குண்டுக் குரூப்கள். முதல் டின்னை முழுக்கச் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். அ, ஆ, இ, மறுபடி அ, ஆ, இ என்று சுற்றுங்கள். நேரம் போகப் போகக் கண் சோரும், வெயில் ஏறும், அழுத்தம் இறங்கும். இந்தச் சுற்றுமுறையில் அந்தச் சோர்வை எல்லா டின்னும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு டின்னுக்கும் குறைந்தது நான்கு குரூப். தாளில் தேதி, டின், லாட், அழுத்தம் எழுதுங்கள்.

ஒரு குண்டு விலகிப் போனால் என்ன செய்வது? டிரிகர் விட்ட கணத்திலேயே, ஓட்டையைப் பார்ப்பதற்கு முன்பே "இது என் தப்பு" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அதை நீக்கலாம். பார்த்த பிறகு நீக்கக் கூடாது. பார்த்த பிறகு நீக்க ஆரம்பித்தால் எல்லா பெல்லட்டும் தங்கமாகத்தான் தெரியும்.

அளப்பதும் நம்புவதும்

வெர்னியர் காலிப்பரால் மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து, தனியாக விழுந்த ஓர் ஓட்டையின் விட்டத்தைக் கழியுங்கள். கிடைப்பது மையத்துக்கு மைய அளவு.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஒரு குரூப் 4 மி.மீ. வந்ததும் தாளைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள். அடுத்த டின் 5 மி.மீ. போட்டால் அதைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரே ரைஃபிள், ஒரே பெல்லட், ஒரே ஆள் என்றாலும் 5 குண்டுக் குரூப்பின் அளவு சராசரியிலிருந்து கால் பங்குக்கும் சற்று அதிகமாக ஏறி இறங்குவது இயல்பு. ஆக அந்த 4-ம் 5-ம் ஒரே பெல்லட்டுக்கே அடுத்தடுத்து வரக்கூடியவை. நான்கு குரூப்களின் சராசரி எடுத்தால் இந்த அலைச்சல் பாதியாகக் குறையும். அப்போதும், இரண்டு டின்களின் சராசரிகளுக்கு இடையே ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான வித்தியாசம் இருந்தால் இரண்டும் சமம் என்றே வையுங்கள். சமமானால் விலை குறைந்ததை, அல்லது எப்போதும் கடையில் கிடைப்பதை எடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த இரண்டை மட்டும் இன்னொரு நாள் சுடுங்கள்.

ஒருவர் 10 குண்டுக் குரூப் சொல்ல, மற்றவர் 5 குண்டுக் குரூப் சொல்ல, ரேஞ்சில் வாக்குவாதம் நடக்கும். குண்டு கூடினால் குரூப் விரியும். 5 குண்டில் சராசரி 4 மி.மீ. போடும் ரைஃபிள், 10 குண்டில் ஏறக்குறைய 5 மி.மீ. போடும். எண்ணிக்கை சொல்லாத குரூப் அளவுக்கு மதிப்பில்லை.

எந்த டின்னிலுமே குரூப் சேரவில்லை என்றால் பெல்லட்டைக் குறை சொல்லாதீர்கள். திருகு, சீல், பாரல் முனையில் அடிபட்ட தடம், பிடிக்கும் விதம் என்ற வரிசையில் தேடுங்கள்.

டின் முடிவான பிறகு

அதே லாட் எண்ணில் கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்பக் கூடுதல் டின் வாங்கி வையுங்கள். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அலமாரியின் மேல்தட்டு. கடலோர வீடுகளில் திறந்து கிடக்கும் ஈயம் சீக்கிரம் வெளுக்கும்.

ஈயம் விஷம். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை இன்றே விடுங்கள். கையால் சாப்பிடுகிறவர்கள் நாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவிய பிறகுதான் டீயும் வடையும். பெட்டியில் சேரும் ஈயத்தைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பழைய இரும்புக்கடையில் போடுங்கள். வீட்டு அடுப்பில் உருக்க வேண்டாம்.

கடைசிச் சோதனை நின்ற நிலையில். தேர்ந்தெடுத்த பெல்லட்டால் 60 குண்டு, 10 மீட்டர், போட்டியில் சுடுவதுபோலவே. மேசையில் 4 மி.மீ. போட்ட ரைஃபிள் நின்று சுடும்போது 20 மி.மீ. போடுகிறதென்றால், அந்த இடைவெளியில் பெல்லட்டுக்குப் பங்கு மிகக் குறைவு. அதை மூடுவது கோச்சோடு நீங்கள் செய்ய வேண்டிய வேலை. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் தேறி, மக்களவையின் முதல் சபாநாயகர் பெயரில் நடக்கும் மாவ்லங்கர் போட்டிவரை போக ஆசை இருந்தால், அதுவரை டின்னை மாற்றாதீர்கள். லாட் தீர்ந்துபோய்ப் புது லாட் வாங்கும்போது, பழையதில் ஒரு கைப்பிடி மிச்சம் வைத்திருந்து, இரண்டையும் மேசையில் வைத்து மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள்.